அந்த வண்டிக்கடைக்காரரும் எங்க பாட்டியோட அப்பாவும்

கொஞ்ச மாசமா எங்க வீட்ல சனிக்கிழமை ராத்திரின்னா படம்தான். இங்க சிங்கப்பூர்ல பையன் ஜேசி, அதாவது ஜூனியர் காலேஜ், ரெண்டாவது வருஷம் படிக்கிறான், பரீட்சை முடிஞ்சா அடுத்த வருஷம் தெக்கோங் தீவுல பயிற்சி, என்எஸ்ங்கற கட்டாய ராணுவ சேவை. அவன் போறதுக்குள்ள பக்கத்துல உக்காந்து எத்தன படம் பாக்க முடியுமோ அத்தனையும் பாத்துடணும்னு எனக்கு ஒரு ஆசை. அவனுக்கு சூப்பர்ஹீரோ படம் பிடிக்கும், எனக்குப் போர்ப் படம். ஒரு வாரம் அவன் சொல்ற படம், ஒரு வாரம் நான் சொல்ற படம்னு பேசி வெச்சுக்கிட்டோம். வீட்டுக்காரி ரெண்டையும் சகிச்சுக்கிட்டு சுண்டல் தாளிச்சுக் கொடுப்பா, பாதிப் படத்துல எழுந்து தூங்கப் போயிடுவா.

இப்படி மாத்தி மாத்திப் பாக்கப் பாக்க எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிச்சுது. படம் நல்லாருக்கா, சண்டை நல்லாருக்கா, கிராஃபிக்ஸ் எப்படி, இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் படத்துல யார் யாரோட சாவ எண்ணுறாங்க, யாரோட சாவ எண்ணாம விட்டுடறாங்கன்னுதான் நான் இப்பல்லாம் பாக்குறேன். ஒரு தடவ அப்படிப் பாத்துட்டா அப்புறம் வேற மாதிரி பாக்க முடியல.

முதல்ல 'வார்ஃபேர்'. 2025-ல வந்தது, அலெக்ஸ் கார்லண்டும் ரே மெண்டோசாவும் சேந்து எடுத்த படம். மெண்டோசா நிஜமாவே அமெரிக்க நேவி சீல் படையில இருந்தவரு, 2006-ல ஈராக்ல ரமாதி ஊர்ல தன்னோட குழுவுக்கு நடந்ததத்தான் கூட இருந்தவங்க ஞாபகத்துலேர்ந்து கேட்டுக் கேட்டு எடுத்துருக்காரு. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் படம். பின்னணி இசையே கிடையாது. ஆரம்பத்துல எல்லாரும் ஒரு திரையச் சுத்தி நெருக்கி நின்னுக்கிட்டு ஒரு பாட்டு வீடியோவப் பாத்துக் கத்தி ஆடுறாங்க, அதப் பாத்த உடனே எனக்கு என்எஸ்ல நாங்க தூங்கின பங்க் ரூம் ஞாபகம் வந்துடுச்சு, சனிக்கிழமை வீட்டுக்கு விடற புக் அவுட்டுக்கு முன்னாடி நாங்களும் அப்படித்தான் காரணமே இல்லாம கத்திக்கிட்டு இருப்போம். அப்புறம் ராத்திரியோட ராத்திரியா ஒரு குடும்பத்தோட வீட்டுக்குள்ள புகுந்து அவங்கள ஒரு ரூம்ல அடைச்சுட்டு மேல்மாடியில உக்காந்துக்கறாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்கல. அப்புறம் எல்லாம் நடக்குது.

அந்தப் படத்துல குண்டு வெடிச்சு ரெண்டு பேருக்குக் காலு சிதைஞ்சுடும். அவங்களத் தரையில இழுத்துட்டு வர்ற அந்த இடம் இருக்கே, அதப் பாக்கும்போது என் ரெண்டு உள்ளங்கையும் வலிச்சுது, சும்மா சொல்லல. நான் என்எஸ் போனது 1998-ல, அப்பல்லாம் ரெண்டரை வருஷம், கையில எம்16 துப்பாக்கி. கேஸ்வேக் பயிற்சின்னு ஒண்ணு வரும், அடிபட்டவன ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு ஓடணும். எங்க செக்‌ஷன்ல ஒருத்தன் நல்ல ஆஜானுபாகுவா இருப்பான், அவனத்தான் ஒவ்வொரு தடவையும் சார்ஜன்ட் அடிபட்டவனா படுக்கச் சொல்வாரு. நாலு பேரு நாலு மூலை. முதல் நூறு மீட்டர் ஒண்ணும் தெரியாது. அப்புறம் விரல் ஒவ்வொண்ணா மரத்துப் போகும், கைப்பிடி வழுக்கும், யாராவது ஒருத்தன் 'டவுன், டவுன்'னு கத்துவான், கீழ வெச்சுட்டுக் கை மாத்துவோம், மேல படுத்திருக்கவன் சிரிச்சுக்கிட்டு வானத்தப் பாத்துட்டு இருப்பான். மழை பேஞ்ச மறுநாள்னா சேறு முட்டி வரைக்கும். சாகாத ஒருத்தன, கத்தாத ஒருத்தன, ரத்தம் வராத ஒருத்தனத் தூக்கவே அந்தப் பாடு. அதனால 'வார்ஃபேர்'ல அடிபட்டவன் விடாம கத்திக்கிட்டே இருக்கான் பாருங்க, நிமிஷக் கணக்குல கத்துறான், கேமரா வெட்டிட்டு வேற இடத்துக்குப் போகல, அது சரின்னு எனக்குப் பட்டுது. ஒரு உடம்பு சிதையுறதுன்னா அது இவ்வளவு நேரம் எடுக்கும், இவ்வளவு கனக்கும், பக்கத்துல இருக்கவனோட காது அடைச்சுப் போயிடும். அத அப்படியே காட்டின படம் வேற எதையும் நான் இவ்வளவு கிட்டத்துலேர்ந்து பாத்ததில்ல.

ஆனா அதே படத்துல அமெரிக்கங்க கூட ரெண்டு ஈராக்கிய வீரங்களும் இருக்காங்க. வெளிய போகும்போது அவங்களத்தான் முன்னாடி போகச் சொல்றாங்க. அவங்க தயங்குறாங்க. வெடிச்சதுல ஒருத்தர் செதறிப் போறாரு. அப்புறம் படம் முழுக்க அமெரிக்கங்க ரெண்டு பேரோட காலப் பத்திதான், தெருவுல கிடக்கற அந்த மனுஷனத் தாண்டித் தாண்டித்தான் எல்லாரும் போறாங்க. கடைசியில அந்த வீட்டுப் பொம்பள ஒரே ஒரு கேள்வி கேக்கும், ஏன்னு. யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. படம் எடுத்தவங்களுக்கு இது தெரியாம இல்ல, தெரிஞ்சுதான் வெச்சுருக்காங்கன்னு நெனைக்கிறேன், அதுக்காக அவங்கள மதிக்கிறேன். ஆனாலும் அந்த ஈராக்கியரோட வீட்டுக்கு யாரு சேதி சொன்னாங்கன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு, படம் முடிஞ்சு புளோக்குக்குக் கீழ நடக்கப் போனப்பவும் அதே நெனப்பு.

அடுத்த வாரம் பையன் முறை. 'சூப்பர்மேன்', அதுவும் 2025-தான், ஜேம்ஸ் கன் எடுத்தது. எனக்கு சூப்பர்மேன் மேல பழைய கோவம் ஒண்ணு உண்டு. 2013-ல 'மேன் ஆஃப் ஸ்டீல்' வந்தப்ப தியேட்டர்ல பாத்தேன், கடைசியில ரெண்டு பேரு அடிச்சுக்கறதுல ஊரே தரைமட்டமாகும், கட்டடம் கட்டடமா சரியும், உள்ள எத்தன ஆபீஸ், எத்தன பேரு, ஒண்ணும் கிடையாது, தூசி மட்டும்தான். நாங்க இருக்கறதே பன்னெண்டாவது மாடி வீவக அடுக்குமாடி வீடு. கட்டடம் சரியுறதப் பாத்தா எனக்கு முதல்ல லிஃப்ட்டுக்குள்ள யாரு இருப்பாங்கன்னுதான் தோணும், எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், இந்நேரம் சமையல்கட்டுலதான் இருப்பாங்கன்னு தோணும். மூணு வருஷம் கழிச்சு வந்த பேட்மேன் படத்துல அதே சண்டைய ரோட்டுலேர்ந்து பாக்கற மாதிரி காட்டினாங்க, அந்த ஒரு காட்சிக்காக அந்தப் படத்த மன்னிச்சேன். அதே 2016-ல வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்'லயும் ஒரு அம்மா வந்து அயர்ன் மேனா வர்ற டோனி ஸ்டார்க் கையில பையனோட ஃபோட்டோவத் திணிச்சு நீதான் கொன்னேன்னு சொல்லுவாங்க. ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. அந்தப் படத்துல எனக்கு ஞாபகம் இருக்கறது அது மட்டும்தான்.

புது சூப்பர்மேன் வேற மாதிரி. பெரிய மிருகம் ஒண்ணு ஊருக்குள்ள வந்து மிதிக்குது, இவரு சண்டைக்கு நடுவுல ஒரு அணில் நசுங்கப் போகுதுன்னு அதத் தூக்கிட்டுப் போயி ஓரமா விடுறாரு. பையன் சிரிச்சான். நான் சிரிக்கல, எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. அணிலுக்கே இடம் கொடுக்கற படம்னா மனுஷனுக்கும் கொடுக்கும்ல. கொடுத்துச்சு. அதுல மாலின்னு ஒரு ஃபலாஃபல் விக்கற வண்டிக்கடைக்காரரு வருவாரு. ஆரம்பத்துல சூப்பர்மேன் அடிபட்டு ரோட்டுல பள்ளம் விழுந்து கிடக்கும்போது இவருதான் ஓடி வந்து கை கொடுத்துத் தூக்கி விடுவாரு. அந்தக் குத்தத்துக்கு வில்லன் லெக்ஸ் லூத்தர் அவரப் புடிச்சுட்டு வந்து, சூப்பர்மேன் கண்ணு முன்னாடியே துப்பாக்கிய நெத்தியில வெச்சு, கேள்வி கேட்டுக் கேட்டு ட்ரிக்கர அழுத்துவான். ஒரு தடவ குண்டு இருக்காது. ரெண்டாவது தடவையும் இருக்காது. வண்டிக்கடைக்காரரு அந்த நேரத்துலயும் சூப்பர்மேன நம்பித்தான் பேசுவாரு. அப்புறம் குண்டு இருக்கும்.

இருநூறு கட்டடம் சரிஞ்சதுல வராத வலி அந்த ஒரு மனுஷன் சாஞ்சதுல வந்துச்சு. அவருக்குப் பேரு இருந்துச்சு, தொழில் இருந்துச்சு, ஒரு நாள் ஒரு நல்ல காரியம் செஞ்சாருன்னு நமக்குத் தெரியும். இங்க நம்மாளுங்க கடைங்க இருக்கற தேக்காவுல ராத்திரி கடை சாத்தற நேரத்துல போனாலும் இருங்க தம்பின்னு ரெண்டு ப்ராட்டா போட்டுக் கொடுக்கற ஆளுங்க எனக்கும் தெரியும். படத்துல இருந்தது அந்த மாதிரி ஒரு முகம். பையன் அந்த இடத்துல சிரிக்கல, ஃபோனக் கூட எடுக்கல.

'தண்டர்போல்ட்ஸ்' பத்தியும் சொல்லணும். எனக்குப் படம் பிடிச்சுது, மனசு ஒடிஞ்சு போனவங்களப் பத்தின படம். அதுல நியூயார்க் ரோட்டுல நடந்து போறவங்க அப்படியே கறுப்பு நிழலா தரையில ஒட்டிக்குவாங்க, ஆளு இருக்க மாட்டாங்க, நிழல் மட்டும். ஹிரோஷிமாவுல பேங்க் வாசல் படிக்கட்டுல உக்காந்திருந்த ஒருத்தரோட நிழல் கல்லுல அப்படியே பதிஞ்சிருக்கு, அந்தக் கல்ல பேத்து எடுத்து அங்க நினைவு அருங்காட்சியகத்துல வெச்சுருக்காங்க. அதத்தான் நெனச்சுக்கிட்டேன். ஆனா இந்தப் படத்துல கடைசியில எல்லாரும் திரும்பி வந்துடறாங்க. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்'லயும் அப்படித்தான் காணாமப் போன பாதி உலகம் திரும்பி வந்துச்சு. எனக்கு அது ஒப்பல, திரும்பி வந்துடுவாங்கன்னா அப்புறம் எதுக்கு அந்த நிழலக் காட்டினீங்க.

'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' பாத்தோம், அதப் பத்தி எழுத எனக்கு ஒண்ணும் இல்ல.

நம்ம பக்கத்துப் படத்துல 'மின்னல் முரளி'ய இன்னொரு தடவ போட்டேன், 2021-ல வந்த மலையாளப் படம். அதுல வில்லன் ஷிபுவா நடிச்சது நம்ம குரு சோமசுந்தரம். காலம் பூரா ஒருத்திய நெனச்சுக்கிட்டே இருந்து, அவளும் சரின்னு சொன்ன பிறகு அவளையும் பறிகொடுத்துட்டு நிக்கற அந்த மூஞ்சி. ஊர்க்காரங்க அவன ஒரு நாளும் ஆளா எண்ணல. எண்ணாத ஊரு கடைசியில என்ன ஆகும்னு அந்தப் படம் காட்டுது. என்னைக் கேட்டா இத்தன வருஷத்துல வந்த சூப்பர்ஹீரோ படத்துலயே நல்ல வில்லன் அவருதான், எந்த ஊருப் படத்தச் சேத்துக்கிட்டாலும்.

'அமரன்' 2024 தீபாவளிக்கே பாத்தது. மேஜர் முகுந்த் வரதராஜன், தாம்பரத்துப் பையன், 2014 ஏப்ரல்ல காஷ்மீர் ஷோபியான்ல உயிரக் கொடுத்தவரு, அசோக சக்ரா கொடுத்தாங்க. படம் அவரோட மனைவி இந்து சொல்ற மாதிரி போகுது, அதுதான் அந்தப் படத்தக் காப்பாத்துச்சு. சாய் பல்லவி ஃபோனையே பாத்துக்கிட்டு இருக்கற ஒவ்வொரு காட்சியும் சண்டைக் காட்சியவிட பலம். வீட்டுக்காரி தூங்காம பாத்த ஒரே போர்ப் படம் அது. ஆனா எதிர்ல இருக்கற காஷ்மீர்க்காரங்க முக்கால்வாசி நேரம் கூட்டமாத்தான் வர்றாங்க, கூட்டமாத்தான் போறாங்க. அங்கயும் ஒரு வீட்ல ஒருத்தி ஃபோனப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பால்ல. இதச் சொன்னதுக்கு என் சிநேகிதன் ஒருத்தன் கோச்சுக்கிட்டான். முகுந்த் மேல எனக்கு இருக்கற மரியாதை இதனால ஒரு துளி குறையல, ஒருத்தர எண்ணினா இன்னொருத்தர எண்ணக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல.

அப்புறம்தான் நான் அந்தப் பழைய படத்தப் போட்டேன். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', 1957, டேவிட் லீன். ஏழு ஆஸ்கர் வாங்கின படம். ஜப்பான்காரன் காலத்துல சயாம்ல, இப்ப தாய்லாந்து, ரயில் பாதை போட்டப்ப, சிங்கப்பூர்ல சரணடைஞ்ச பிரிட்டிஷ் கைதிங்க ஒரு பாலம் கட்டுறதப் பத்தின கதை. படமா பாத்தா அருமையான படம், இல்லன்னு சொல்ல மாட்டேன். விசில் அடிச்சுக்கிட்டு நடந்து வர்ற அந்தக் காட்சி, கடைசியில அந்தக் கர்னல் தான் என்ன செஞ்சுட்டோம்னு உணர்ற அந்த ஒரு நொடி, எல்லாம் உண்டு. படத்த எடுத்தது இலங்கையில, கித்துல்கல பக்கத்துல. சயாம் காடுன்னு நம்ம பாத்தது இலங்கைக் காடு.

நான் ரெண்டே முக்கால் மணி நேரமும் ஒரே ஒரு ஆளத் தேடிக்கிட்டு இருந்தேன். ஒரு தமிழன். தூரத்துலயாவது, மண்ணு சொமக்கற மாதிரியாவது, ஒரு வேட்டியோ ஒரு தலப்பாகையோ. இல்ல.

அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. நேச நாட்டுக் கைதிங்க 60,000 பேருக்கு மேல, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலானவங்களுக்குப் பேரோட, ரெஜிமென்ட்டோட கணக்கு இருக்கு. ஆசியக் கூலிங்க அதவிட மூணு மடங்கு இருப்பாங்க, பர்மாக்காரங்க, மலாய்க்காரங்க, ஜாவாக்காரங்க, அப்புறம் மலாயா தோட்டத்துலேர்ந்து லாரி லாரியா ஏத்திட்டுப் போன தமிழங்க. அவங்கள்ல செத்தவங்க எத்தன பேருன்னா, 90,000 பேரு பக்கத்துல இருக்கும்னு ஒரு மதிப்பீடு, இன்னும் அதிகம்னு சொல்றவங்களும் உண்டு. கைதிக்குக் கணக்கு, கூலிக்கு மதிப்பீடு.

எங்க பாட்டியோட அப்பா அந்த மதிப்பீட்டுக்குள்ள இருக்காரு.

பாட்டி பொறந்தது ஜொகூர்ல ஒரு ரப்பர் தோட்டம். அவங்களுக்குப் பத்து வயசு இருக்கும்போது லாரி வந்துச்சாம். மூணு மாசம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடுவோம்னு சொல்லித்தான் ஏத்தினாங்களாம். அவரு போகும்போது பிள்ளைங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு சுட்டு வெச்சுட்டுப் போனாருன்னு பாட்டி எத்தன தடவ சொல்லிருக்காங்க, கிழங்கு பாதி வெந்தும் வேகாம இருந்துச்சுங்கற வரைக்கும் சொல்லுவாங்க. அவ்வளவுதான். அப்புறம் அவரப் பத்தி சேதியே கிடையாது. கூடப் போனவங்கள்ல ஒருத்தரு சண்டை முடிஞ்சு திரும்பி வந்தப்ப, காய்ச்சல்ல கிடந்தாருன்னு சொன்னாராம், செத்துட்டாருன்னு சொல்லல. அதனால பாட்டியோட அம்மா கடைசி வரைக்கும் தாலியக் கழட்டல. சண்டை முடிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல பொட்டோட, தாலியோட இருந்துதான் போய்ச் சேந்தாங்க. திதி கொடுக்கத் தேதி தெரியாது. பாட்டி கல்யாணமாயி சிங்கப்பூர் வந்த பிறகு, வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்கு சாங்கி கடற்கரைக்குப் போயி எள்ளும் தண்ணியும் விடச் சொல்லி எங்க மாமாவ அனுப்புவாங்க. தேதி தெரியாதவங்களுக்கு அந்த நாள்தானே.

சில வருஷம் முன்னாடி நானும் வீட்டுக்காரியும் அந்தப் பாலம் இருக்கற தாய்லாந்து ஊரு காஞ்சனாபுரி போயிருந்தோம். கல்லறைத் தோட்டம் அவ்வளவு அழகா வெச்சுருக்காங்க, ஒவ்வொரு கல்லுலயும் பேரு, வயசு, கீழ வீட்டுக்காரங்க எழுதின ஒரு வரி. இருபத்திரெண்டு வயசு, இருபத்திநாலு வயசு. நான் ஒவ்வொண்ணா படிச்சுட்டே வந்தேன், அந்தப் பசங்களுக்காகவும் எனக்கு அழுகை வந்துச்சு, நம்மள ஆண்டவங்களோட ஆளுங்கதானேன்னு தள்ளிப் பாக்கத் தோணல. அப்புறம் பாலத்துக்குப் போனோம். இதுல ஒரு விஷயம் கேளுங்க. நெஜத்துல அந்தப் பாலம் இருந்தது மே க்ளோங் ஆத்து மேல. படம் ஓடின பிறகு சுற்றுலாக்காரங்க வந்து குவாய் ஆறு எங்கன்னு கேக்க ஆரம்பிச்சதால, தாய்லாந்துக்காரங்க அந்த ஆத்துக்கே பேர மாத்தி க்வே யாய்னு வெச்சாங்க. ஒரு படத்துக்கு ஒரு ஆத்தோட பேர மாத்தற அளவுக்கு பலம் இருக்கு. அந்தப் படத்துல ஒரு தமிழ்க் கூலி ஒரே ஒரு தடவ தண்ணி கேட்டிருந்தா, உலகம் பூரா எத்தன கோடிப் பேருக்கு நாங்களும் அங்க இருந்தோம்னு தெரிஞ்சிருக்கும். அதனாலதான் படத்துல யாரு இருக்கா, யாரு இல்லன்னு நான் இவ்வளவு மல்லுக்கட்டுறேன். பிரான்ஸ் கடற்கரையிலேர்ந்து பிரிட்டிஷ் படை தப்பிச்ச கதை, நோலனோட 'டன்கர்க்', எனக்கு உயிரான படம், நாலு தடவ பாத்துருக்கேன், ஆனா அந்தக் கடற்கரையில 1940-ல நம்ம ஊருலேர்ந்து கோவேறு கழுதைங்களோட போன இந்தியப் படைப்பிரிவும் நின்னுச்சு, படத்துல ஒரு கழுதையும் இல்ல. சாம் மெண்டிஸோட முதல் உலகப் போர்ப் படம் '1917'ல ஒரு சீக்கிய வீரர லாரிக்குள்ள உக்கார வெச்சாரு, சில பேரு அதுக்குக் குத்தம் சொன்னாங்க. அவரு செஞ்சதுதான் சரி.

இங்க கிராஞ்சி நினைவிடத்துக்குப் போனீங்கன்னா சுவர்ல 24,000 பேருக்கு மேல பேரு பொறிச்சிருக்கு, உடம்பு கிடைக்காத வீரங்க, அதுல இந்தியப் பேரு வரிசை வரிசையா வரும். பீச் ரோட்டுல அந்த நாலு தூண் நினைவுச் சின்னத்துக்கு அடியில பேர் தெரியாத பொதுமக்களோட எலும்புங்க தாழியில இருக்கு, தமிழ்லயும் எழுதி வெச்சுருக்காங்க. அந்தப் பக்கம் பஸ்ஸுல போகும்போதெல்லாம் பாட்டி கன்னத்துல போட்டுக்குவாங்க. அப்பாவுக்கும் சேத்துன்னு சொல்லுவாங்க.

இதெல்லாம் நான் பையன்கிட்ட ஒழுங்கா சொன்னதே இல்ல. குவாய் படம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி, ஏன்ப்பா படம் பூரா அப்படி முன்னாடி குனிஞ்சு பாத்துட்டு இருந்தீங்கன்னு அவன்தான் கேட்டான். சொன்னேன். லாரி, கிழங்கு, தாலி, சாங்கி எல்லாம். அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், சூப்பர்மேன்ல அந்த ஃபலாஃபல் அங்கிள் பேரு எனக்கு ஞாபகம் இருக்கு, இவரு பேரு என்னப்பான்னான்.

எனக்குத் தெரியல. பாட்டி எப்பவும் 'எங்கப்பா'ன்னுதான் சொல்லுவாங்க, நான் பேரு கேட்டதே இல்ல. மணி பதினொண்ணரை. பரவால்லன்னு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன், என்னடா இந்நேரத்துல, யாருக்கு என்னன்னு பதறிட்டாங்க. விஷயத்தச் சொன்னதும் கொஞ்சம் நிதானிச்சு ஒரு பேரச் சொன்னாங்க. பையன் என் கையிலேர்ந்து ஃபோன வாங்கி ஸ்பீக்கர்ல போட்டான், தமிழ் நோட்டு ஒண்ணத் தேடி எடுத்துக் கடைசிப் பக்கத்தத் திருப்பினான்.

"பாட்டி, இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா. மூணு சுழி ணவா, ரெண்டு சுழி னவா?"